எம்.பி.ஏ. படித்தால் என் பேச்சு எடுபடுமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து 28 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கத்தைத் தருகிறேன். தமிழ் வழியில் பிளஸ் டூவும், பிறகு வேதியியலில் பி.எஸ்சி.யும் முடித்தவர். ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் ஐந்து சீசன்களாக வேலை பார்க்கிறார். மாதச் சம்பளம் 19,000 ரூபாய். லாரியில் வரும் பழத்தில் மாதிரி எடுத்து வெட்டிப் பார்ப்பது, கூழின் பிரிக்ஸையும் (கரைந்துள்ள சர்க்கரையின் அளவு) புளிப்பையும் அளப்பது, தேறாத லோடைத் திருப்பி அனுப்பச் சொல்வது இவருடைய பொறுப்பு. சென்ற சீசனில் இவர் தேறாது என்று எழுதிக் கொடுத்த ஒரு லோடை, மண்டிக்காரர் வந்து சத்தம் போட்டதும், மேலாளர் இறக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். 'எம்.பி.ஏ. படித்திருந்தால் என் பேச்சு எடுபட்டிருக்கும்' என்ற எண்ணம் அன்று பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை.

இப்போது அதே நிர்வாகம் இவருக்கு உற்பத்திப் பிரிவில் மேற்பார்வையாளர் வேலையைத் தர முன்வந்திருக்கிறது. படிப்பு இல்லாமல் அதை ஏற்பது முறையல்ல என்று கருதி, மறுத்துவிடலாமா என்று யோசிக்கிறார். படிப்புக்கு இவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரி இரண்டு ஆண்டுகளுக்கு 9 லட்சம் ரூபாய் கேட்கிறது. அதற்கு அப்பாவின் மூன்று ஏக்கர் மாந்தோப்பை அடமானம் வைக்க வேண்டியிருக்கும். ஓசூரில் ஒரு முகவர், பத்தே மாதத்தில் எம்.பி.ஏ. பட்டம் வாங்கித் தருவதாகச் சொல்லி அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார். மூன்றாவது, டான்செட் நுழைவுத்தேர்வு எழுதி அரசு ஒதுக்கீட்டில் இடம் பிடிப்பது; ஆனால் ஆங்கிலமும் கணக்கியலும் பயமுறுத்துகின்றன. 'டெபிட் எது, கிரெடிட் எது என்றே தெரியாது. நிர்வாகத் திறமை எனக்குப் பிறவியிலேயே இல்லையோ என்று தோன்றுகிறது. எம்.பி.ஏ. படித்தால் வந்துவிடுமா?' என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எம்.பி.ஏ. முதல் பருவ மாணவர்களுக்குக் கணக்கியல் நடத்தியவன் என்ற முறையில், உங்களுக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். மேற்பார்வையாளர் வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். முகவரிடம் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். தோப்பை அடமானம் வைக்காதீர்கள். டான்செட் எழுதுங்கள். இவ்வளவையும் காரணம் தெரியாமல் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை என்பதால், எம்.பி.ஏ. வகுப்பில் அடிப்படையாக என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பயங்களில் பாதி, அது தெரியாததால் வந்தவை.

பிறவிக் குணமா, பழகி வருவதா?

1955-ஆம் ஆண்டில் ராபர்ட் காட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் நிர்வாகிக்கு வேண்டிய திறன்களை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். கையிலுள்ள வேலையை நுட்பமாகத் தெரிந்திருப்பது ஒன்று. மனிதர்களோடு சேர்ந்து வேலையை நடத்திச் செல்வது இரண்டு. ஒரு பகுதியில் எடுக்கும் முடிவு மற்ற பகுதிகளை எப்படித் தொடும் என்று முழுமையையும் சேர்த்துப் பார்ப்பது மூன்று. இவை பயிற்சியால் வளர்பவை என்பதுதான் அவர் வாதத்தின் மையம். பிறவி நிர்வாகி என்று ஒருவர் இருப்பதாக நம்பினால், மேலாண்மைக் கல்வி என்ற ஒன்றே தேவைப்பட்டிருக்காது. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியின் டக் பள்ளி 1900-இலும், ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-இலும், நம் நாட்டில் ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961-இலும் தொடங்கப்பட்டதே, இது கற்பிக்கக்கூடியது என்ற நம்பிக்கையில்தான்.

காட்ஸ் சொன்ன மூன்று திறன்களில் முதலாவது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பழத்தை வெட்டியவுடன் அதில் எவ்வளவு கூழ் தேறும் என்று ஐந்து சீசன் அனுபவத்தில் உங்களால் சொல்ல முடியும். பெங்களூர்க் கல்லூரியின் எந்தப் பேராசிரியராலும் முடியாது. இரண்டாவதும் மூன்றாவதும்தான் குறை. சென்ற சீசன் லாரி விஷயத்தில் உங்கள் கை தாழ்ந்துபோனதற்கும் அந்தக் குறைதான் காரணம், பட்டம் இல்லாதது அல்ல என்று நினைக்கிறேன். எப்படி என்று விளக்க, நீங்கள் பயப்படும் கணக்கியலுக்குள்ளேயே போக வேண்டும்.

திருப்பி அனுப்பாத அந்த லாரி

ஒரு சிறிய மாங்கூழ் ஆலையை எடுத்துக்கொள்வோம். பின்வரும் தொகைகள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை; உங்கள் ஆலையின் உண்மையான தொகைகளை நீங்கள் பிறகு போட்டுப் பாருங்கள். பெங்களூரா ரக மாம்பழம் டன் 12,000 ரூபாய். இரண்டு டன் பழத்துக்கு ஒரு டன் கூழ். ஆக, ஒரு டன் கூழில் பழத்தின் பங்கு 24,000 ரூபாய். கூலி, எரிபொருள், பை, டிரம் எல்லாம் சேர்த்து இன்னும் 14,000. மொத்தம் 38,000. விற்பனை விலை 46,000 என்றால், டன்னுக்கு 8,000 ரூபாய் மிஞ்சுகிறது. கணக்கியலில் இதற்குப் பங்களிப்பு என்று பெயர். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆலைக்கு ஆகும் நிரந்தரச் செலவை அடைப்பதற்கு இந்தத் தொகைதான் வழி. நிரந்தரச் செலவு ஆண்டுக்கு 12 லட்சம் என்று வைத்தால், 150 டன் கூழ் விற்ற பிறகுதான் ஆலை நட்டமில்லாத நிலைக்கு வருகிறது. 250 டன் விற்றால் 8 லட்சம் லாபம்.

இனி உங்கள் ஆய்வக மேசைக்கு வாருங்கள். வரும் பழம் மட்டமாக இருந்து, ஒரு டன் கூழுக்கு 2 டன்னுக்குப் பதிலாக 2.2 டன் பழம் தேவைப்படுகிறது என்று வையுங்கள். காகிதத்தில் அது 10 சதவீத வித்தியாசம். 'கொஞ்சம் மட்டம், பரவாயில்லை' என்று எவரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் பழத்துக்கான செலவு 24,000-லிருந்து 26,400 ஆகிறது. 8,000 ரூபாய்ப் பங்களிப்பில் 2,400 போய்விட்டது. அதாவது 30 சதவீதம். சீசன் முழுவதும் அப்படியே நடந்தால், 250 டன்னில் 6 லட்சம் ரூபாய் கரைந்து, 8 லட்சம் லாபம் 2 லட்சமாகிவிடும்.

அன்று நீங்கள் மேலாளரிடம் 'பிரிக்ஸ் குறைவு, பழம் தேறாது' என்று எழுதிக் கொடுத்தீர்கள். அவர் மனதிலோ வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கும்: கொதிகலன் எரிகிறது, தரம் பிரிக்கும் பெண்கள் கை கட்டி நிற்கிறார்கள், இந்த மண்டிக்காரரை விரட்டினால் நாளை மூன்று லாரி வேறு ஆலைக்குப் போய்விடும். அவருடைய கணக்கு ரூபாயில் இருந்தது. உங்களுடையது ஆய்வக அளவையில். இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர அங்கு ஒருவரும் இல்லை. 'இந்த லோடில் டன் கூழுக்கு 2,400 ரூபாய் கூடுதலாகும். விலையில் அதைக் கழித்துக்கொண்டால் இறக்கலாம்' என்று நீங்கள் சொல்லியிருந்தால், அவர் மண்டிக்காரரிடம் பேசுவதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அப்போதும் அவர் இறக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் தெரிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும். ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்: அழுகலும் பூஞ்சையும் உணவுப் பாதுகாப்புக்கே ஆபத்தாகும் அளவில் இருந்தால், அது பேரம் பேசும் விஷயமே அல்ல. அங்கே எழுத்துமூலம் மறுப்பதுதான் உங்கள் கடமை.

இதே உதாரணத்தில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. பழத்துக்கும் கூலிக்குமாக ஏறக்குறைய 95 லட்சம் ரூபாய் சீசனில் இரண்டே மாதத்தில் வெளியே போகிறது. கூழ் விற்று வருவதோ ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக. அந்த 95 லட்சத்தை 11 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி, சராசரியாக ஆறு மாதம் வைத்திருந்தால், வட்டி மட்டும் 5 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டும். நாம் மேலே கண்ட 8 லட்சத்தில் மிஞ்சுவது மூன்று லட்சத்துக்கும் குறைவு. லாபம் வேறு, கையில் புரளும் பணம் வேறு என்பதைப் புரியவைக்க நான் வகுப்பில் மூன்று வாரம் எடுத்துக்கொள்வேன். மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கும் உங்களுக்கு ஒரு பத்தி போதும்.

டெபிட், கிரெடிட் பயத்துக்கும் இதுதான் மருந்து. இத்தாலியரான லூக்கா பச்சோலி 1494-இல் வெனிஸ் நகரில் அச்சிட்டு விளக்கிய இரட்டைப் பதிவு முறையைத்தான் இன்றும் நடத்துகிறோம். வந்த இடம் ஒன்று, போன இடம் ஒன்று, இரண்டும் சமமாக வேண்டும்; விதி அவ்வளவுதான். காமர்ஸ் படித்து வரும் மாணவர்கள் முதல் மாதம் உங்களை முந்துவார்கள். அதன் பிறகு, எண்ணுக்குப் பின்னால் என்ன பொருள் இருக்கிறது என்று கேட்கும்போது, தொழிற்சாலையில் நின்றவர்கள்தான் முந்துவார்கள். ஆண்டுதோறும் நான் கண்டது இது. புள்ளியியலும் அப்படியே. ஒரு லாரியில் எத்தனை கிரேட்டை, எந்த அடுக்கிலிருந்து எடுத்தால் முழு லோடைப் பற்றிச் சொல்ல முடியும் என்று நீங்கள் தினமும் முடிவு செய்கிறீர்கள். பாடநூல் அதற்கு மாதிரியெடுப்பு என்று பெயர் வைத்து, எவ்வளவு தவறு நேரக்கூடும் என்று அளக்கவும் சொல்லித் தருகிறது.

ஆங்கிலம் குறித்து

எம்.பி.ஏ. என்றால் சரளமான ஆங்கிலமும் கோட்டும் என்று நம் பக்கம் ஒரு நினைப்பு இருக்கிறது. பாடங்களும் தேர்வும் ஆங்கிலத்தில் என்பது உண்மை. வாசித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு உழைக்கத்தான் வேண்டும். ஆனால் தகவல் தொடர்பு என்ற பெயரில் அங்கே கற்பிக்கப்படும் திறன் வேறு. படிப்பவருக்கு நேரமில்லை என்று வைத்துக்கொண்டு, முடிவை முதலிலும் காரணத்தைப் பின்னாலும் எழுதுவது; ஒரு பக்கத்துக்குள் நிறுத்துவது; எதிராளிக்கு எந்த எண் தேவையோ அதைக் கண்ணில் படும்படி வைப்பது. இது தமிழிலும் வேண்டும். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: உங்கள் கடிதத்தில் கேள்வி நான்காம் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. எனக்கு நேரம் இருந்தது, படித்தேன். சீசன் நேரத்து மேலாளர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பியிருக்க மாட்டார்.

மனிதர்களை நடத்தும் திறனைப் பொறுத்தவரை, வகுப்பறையால் ஓரளவுதான் முடியும் என்பது என் கருத்து. ஹார்வர்டில் தொடங்கி அகமதாபாத் வரை பின்பற்றும் நிகழ்வாய்வு முறையில், உண்மையான ஒரு நிறுவனத்தின் சிக்கலைக் கொடுத்து, வகுப்பே கூடி வாதாடி முடிவுக்கு வரச் சொல்வார்கள். தன் கருத்து பொதுவில் உடைபடுவதைத் தாங்கிக்கொள்ளவும், அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு முடிவெடுக்கவும் அது பழக்குகிறது. நேரடி வகுப்பின் உண்மையான மதிப்பு அதுதான். தொலைநிலைக் கல்வியில் எளிதில் கிடைக்காததும் அதுதான். ஆனால் மண்டிக்காரர் சத்தம் போடும்போது குரலை உயர்த்தாமல் நிற்பதற்கு மேற்பார்வையாளர் வேலையைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை. அதை மறுத்துவிட்டு அதே திறனைக் கற்க 9 லட்சம் கட்டுவது எனக்கு விளங்கவில்லை.

முகவர் சொல்வது பற்றி

மூன்றாண்டுப் பட்டம் பெற்ற உங்களுக்கு, நேரடியாகப் படித்தாலும் தொலைநிலையில் படித்தாலும், எம்.பி.ஏ. இரண்டாண்டுப் படிப்பு. பத்து மாதத்தில் பட்டம் என்பவர் ஒன்று வெறும் சான்றிதழ்ப் படிப்பைப் பட்டம் என்று விற்கிறார், அல்லது பழைய தேதி போட்ட ஆவணத்தைத் தரப்போகிறார். இரண்டாவது நடந்தால், வேலையில் சேரும்போது நடக்கும் சரிபார்ப்பில் மாட்டுவது நீங்கள், அவர் அல்ல. போலி ஆவணத்தைப் பயன்படுத்துவது குற்றம் என்பதால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்லி எளிதில் தப்பவும் முடியாது.

அசல் சான்றிதழ்களை முறையான கல்லூரியே கூட வைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் முன்னிலையில் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் அறிவித்திருக்கிறது. சேர்ந்தபின் விலகினால், விலகும் நாளைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் உண்டு. கல்லூரிக்கே இல்லாத உரிமை முகவருக்கு எங்கிருந்து வந்தது? ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், எழுத்துமூலம் திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள்.

இதனால் தொலைநிலைக் கல்வியே ஏமாற்று என்று எண்ணிவிடாதீர்கள். அனுமதி பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் தரும் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. சேர்வதற்கு முன், யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தக் கல்வியாண்டில், எம்.பி.ஏ. படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கே செலுத்துங்கள்.

தோப்பும் 9 லட்சமும்

பெங்களூர்க் கல்லூரிக்கு 9 லட்சம் செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பருவப் பொருளாதாரப் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று வரும்: ஒன்றைத் தேர்ந்ததால் கைவிட நேர்ந்தது எதுவோ, அதுவும் செலவுதான். இரண்டு ஆண்டு வேலையை விட்டால் இழக்கும் சம்பளம் 4 லட்சத்து 56 ஆயிரம். ஆக, உண்மைச் செலவு 13 லட்சத்து 56 ஆயிரம். விடுதியும் போக்குவரத்தும் தனி. 9 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை 12,000 ரூபாய்க்கு மேல் வரும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. படித்து முடித்துக் கிடைக்கப்போகும் சம்பளம் உறுதியில்லை, தவணை உறுதி.

கல்விக்கடன் என்றாலே நிலப்பத்திரம் வேண்டும் என்பதும் தவறான எண்ணம். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையுமில்லை. அந்த வரம்பைத் தாண்டும்போதுதான் பிணை கேட்கிறார்கள். உங்கள் தோப்பு ஆபத்தில் மாட்டுவது படிப்பினால் அல்ல, அந்தக் குறிப்பிட்ட கல்லூரியின் கட்டணத்தினால். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் வழியாக அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் மிகவும் குறைவு. கடன் வாங்கினாலும் அப்பாவின் பெயரிலுள்ள நிலத்தைத் தொட வேண்டியிராது.

எனவே இந்த சீசனை மேற்பார்வையாளராக முடியுங்கள். வேலைக்கு நடுவே டான்செட்டுக்குத் தயாராகுங்கள். அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், வேலையை விட்டுவிட்டு நேரடியாகப் படிப்பதையே நான் பரிந்துரைப்பேன். கிடைக்காவிட்டால் அனுமதி பெற்ற தொலைநிலைப் படிப்பில் சேர்ந்து, வேலையைத் தொடருங்கள். அதுவரை கணக்கியலையும் புள்ளியியலையும் மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம்; தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும் கட்டணம். வீட்டில் நடக்கும் திருமணப் பேச்சைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள்; அது என் துறை அல்ல. ஆனால் 13 லட்சத்தின் கணக்கை நீங்களே போட்டு, நிலத்தை அடமானம் வைக்கத் தேவையில்லை என்று காட்டினால், அப்பாவிடம் பேசுவது முன்பைவிட எளிதாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் அப்பா தோப்பைப் பூப்பிடித்ததும் வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கடந்த மூன்று ஆண்டுக் குத்தகைத் தொகையை ஒரு பக்கமும், தானே மருந்தடித்து, காவல் போட்டு, பறித்து ஆலைக்கு அனுப்பியிருந்தால் ஆகியிருக்கும் செலவையும் வரவையும் மறுபக்கமும் எழுதுங்கள். காய்ப்பு குறைந்த ஆண்டில் நட்டம் யார் தலையில் விழுந்திருக்கும் என்பதையும் சேருங்கள். ஒரு பக்கத்துக்குள் முடித்து, குத்தகைக்கு விடலாமா கூடாதா என்ற உங்கள் முடிவை முதல் வரியில் வைத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, டான்செட்டுக்கு எதிலிருந்து தொடங்கலாம் என்று எழுதுகிறேன்.